கத்திரிக்காயில் ஓட்டை இருந்தால் நல்லதா?

"ஓட்டை இருக்கிற கத்திரிக்காயாப் பார்த்துப் பொறுக்கு. பூச்சி கடிச்சிருந்தா மருந்து அடிக்கலைன்னு அர்த்தம்!"

காய்கறிக் கடையில் இந்த உபதேசத்தைக் கேட்காத பெண்கள் யாராவது இருக்கிறோமா? ஒரு காலத்தில் சொத்தைக் காயைத் தள்ளிவிட்டு, பளபளவென்று மின்னுகிற காயாகத் தேடினோம். இன்றைக்கு மின்னுகிற காயைக் கண்டால் பயம், சொத்தைக் காயைக் கண்டால் நிம்மதி. காலம் எப்படித் திரும்பிவிட்டது பாருங்கள்!

இந்தப் பயம் லேசானதல்ல, சகோதரிகளே. தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை மகளுக்குப் பத்து மாதக் குழந்தை. போன மாதம் போயிருந்தபோது குழந்தையின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு. முதல் நாளும் அதேதான், மறுநாளும் அதேதான்.

"காய் எங்கேடி?" என்றேன்.

"பயமா இருக்கு பெரியம்மா. திராட்சையிலே மருந்து, காலிஃப்ளவர்லே மருந்து, கீரையிலே மருந்துங்கறாங்க. ஆர்கானிக் கடையிலே வாங்கினா ரெண்டு மடங்கு விலை. மாசக் கடைசியிலே பால் கணக்கு இடிக்குது. அதான் எதையும் கொடுக்காம இருந்துட்டேன்."

படித்த பெண். குழந்தையின் மேல் உயிரையே வைத்திருப்பவள். அந்த அன்பே குழந்தையின் தட்டிலிருந்து காரட்டையும் கீரையையும் எடுத்துவிட்டது! இவளைக் கடையிலே நிறுத்தி வாதாடிப் பயனில்லை, விளைகிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று முடிவு செய்தேன். தெரிந்தவர் மூலம் ஓர் இயற்கைப் பண்ணைக்குச் சொல்லி வைத்து, மார்கழி ஞாயிறு ஒன்றில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

செங்கல்பட்டு வரை மின்சார ரயில். கொளவாய் ஏரியைப் பார்த்துக் குழந்தை கைதட்டியது. அங்கிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் போகும் பஸ், பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. வழி நெடுக இரண்டு பக்கமும் வயலைவிட மனைக்கற்கள்தான் அதிகம். கலர் கலராகக் கொடி கட்டி, வளைவு வைத்து, "விரைவில் நகர்" என்று ஏதேதோ பெயர்கள். நடுவே மூன்று ஏக்கர் பச்சையாக நின்றது. அதுதான் நாங்கள் தேடிப் போன இடம்.

அந்த வீட்டம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "வாங்கம்மா... வா தங்கச்சி, குழந்தையை இப்படி நிழல்ல உக்கார வை" என்று நீர்மோர் கொடுத்தார். தாகம் தணிந்ததும் நான் முதலில் கேட்டது நம் ஓட்டைக் கத்திரிக்காயைத்தான்!

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஓட்டைன்னா புழு வந்துட்டுப் போச்சுன்னுதாம்மா அர்த்தம். மருந்து அடிச்ச காயிலயும் ஓட்டை இருக்கும். புழு காய்க்குள்ள பூந்துட்டா மருந்து அது மேல படாது. சாகலையேன்னு இன்னும் ரெண்டு தரம் அடிப்பாங்க. ஓட்டைக் காயில மருந்து ஜாஸ்தியா இருந்தாலும் இருக்கும்!"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பூச்சிமருந்து டப்பாவிலேயே, அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் போட்டிருக்குமாம். நெல்லுக்குக் காத்திருக்கலாம். கத்திரியும் வெண்டையும் நாலு நாளைக்கு ஒருமுறை பறிக்கிற காய்கள். விட்டால் முற்றிப்போகும். அதனால் பலர் காத்திருப்பதில்லை. பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

"அப்போ நீங்க புழுவை என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் என் பெண்.

செடியின் நுனியைக் காட்டினார். ஒரு கிளை மட்டும் தலை தொங்கி வாடியிருந்தது. "இதுக்குள்ளதான் இருக்கான். வாடின நுனியை அன்னன்னைக்குக் கிள்ளி எரிச்சிடணும். காய்க்குள்ள போறதுக்கு முன்னாடியே அவன் கதை முடிஞ்சிடும்." கிள்ளிப் பிளந்து காட்டினார். உள்ளே வெளிர் நிறத்தில் ஒரு சின்னப் புழு! தினமும் காலையில் ஒரு மணி நேரம் இதற்கே போய்விடுகிறதாம்.

எதற்காக மாறினார்கள்?

"சுத்தமான சாப்பாட்டை ஊருக்குக் கொடுக்கணும்னா மாறினீங்க?" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அவ்வளவு பெரிய மனசெல்லாம் இல்லைம்மா. என் தாலியைக் காப்பாத்திக்கத்தான்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை வெயிலில் அவர் கணவர் கத்திரிக்கு மருந்து அடித்திருக்கிறார். கையுறை இல்லை. மூக்கில் ஒரு துண்டு. காற்று எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் வாந்தி எடுத்து, கண் இருட்டி, வாயில் நுரையோடு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பிழைத்தது மறுபிறவி. மீதி மருந்து டப்பாவை அந்த அம்மா பார்த்தபோது அதில் சிவப்பு முக்கோணம் இருந்ததாம்.

நாமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பூச்சிமருந்து டப்பாக்களில் விஷத்தின் அளவுக்கேற்ப நிறம் உண்டு. சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், அதற்குக் கீழே நீலம், எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. வீட்டில் கரப்பானுக்கும் எறும்புக்கும் வாங்கும்போதும் அந்த நிறத்தைப் பார்த்து, குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

நம் தட்டுக்கு வருவது மருந்தின் எச்சம். அடிக்கிறவர் மேலே விழுவது முழு மருந்து! இத்தனை நாளும் நம் வயிற்றைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் காயை நமக்குக் கொடுக்கிறவரின் நுரையீரலைப் பற்றி யார் நினைத்தோம்? கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோப்புகளின் மேல் வருஷக்கணக்காக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளின் துயரத்தை நாடே பார்த்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. அந்தக் குழந்தைகள் முந்திரியைச் சாப்பிட்டு நோயில் விழவில்லை. தோப்புக்குப் பக்கத்தில் பிறந்ததுதான் அவர்கள் செய்த பாவம்.

மூன்று வருஷக் கண்ணீர்

மருந்தை நிறுத்தியதும் நிலம் பொன்னாய் விளைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை.

உரம் போட்டு ஏக்கருக்கு 26 மூட்டை எடுத்த நிலம், முதல் வருஷம் 12 மூட்டைதான் கொடுத்ததாம். இரண்டாம் வருஷம் 14. "ரெண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போச்சு. ஊர்ல சிரிச்சாங்க. மாமியார் சாணி கரைச்சே குடும்பத்தைக் கரைச்சிட்டேன்னு திட்டினாங்க" என்றார். நாலாம் வருஷத்திலிருந்துதான் மண் பொலபொலவென்று ஆகி, மண்புழு கண்ணில் பட ஆரம்பித்திருக்கிறது. இப்போது பாரம்பரிய நெல்லில் 18 மூட்டை. உரச் செலவு இல்லை, நெல்லுக்கு விலை கூட. அதனால்தான் நிற்க முடிகிறது.

ஒரே நாளில் மாற முடியாது என்பதற்குப் பெரிய பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. நெல்லும் தேயிலையும் அடிபட்டு, அதே வருஷம் நவம்பரில் பின்வாங்க வேண்டியதாயிற்று. மண்ணுக்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு. மெதுவாகத்தான் விட முடியும்.

பழைய தலைமுறையைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 1960-களில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற நாடு இது. 1965-இல் ஆடுதுறை 27 நெல்லும், 1966-இல் ஐ.ஆர். 8-ம் வந்தபோது அவற்றோடு உர மூட்டையும் வந்தது. பசி தீர்ந்தது உண்மை. மண் களைத்ததும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை ஊர் ஊராக நடந்து சொன்னவர் நம்மாழ்வார். 1938-இல் தஞ்சைப் பக்கம் இளங்காட்டில் பிறந்து, விவசாயம் படித்து, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த வேலையை 1969-இல் உதறியவர். 2013 டிசம்பரில் காலமானார். இந்த வீட்டுத் திண்ணையிலும் அவர் படம் மாட்டியிருந்தது. பக்கத்தில் 'நெல்' ஜெயராமன் படம். 2018-இல் மறைந்த அவர், அழிந்துகொண்டிருந்த நெல் ரகங்களை 170-க்கும் மேலே தேடிச் சேர்த்து விவசாயிகளுக்கு விதையாகக் கொடுத்தவர். நான் பார்த்த வயலில் தலை சாய்ந்து நின்ற மாப்பிள்ளைச் சம்பாவும், பக்கத்து வயலின் கிச்சிலிச் சம்பாவும் அப்படிக் கை மாறி வந்த விதைகள்தாம்.

சமையலறை போலவே ஒரு கொட்டகை

உரம் தயாரிக்கும் கொட்டகைக்குள் போனால் நம் அடுக்களை ஞாபகம் வந்தது. எல்லாம் ஊறவைப்பதும், புளிக்க வைப்பதும், வடிகட்டுவதும்தான்!

ஒரு பெரிய பீப்பாயில் ஜீவாமிர்தம். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கினால் இரண்டு நாளில் தயார். இட்லி மாவைப் பொங்க வைக்கிற மாதிரி, இது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பெருக்குகிற வேலை.

இன்னொரு தொட்டியில் பூச்சி விரட்டி. வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு என்று ஆடு மாடு கடிக்காத இலைகளை இடித்துக் கோமியத்தில் ஊறப் போட்டிருந்தார்கள். "இது கொல்லாதும்மா, விரட்டும்" என்றார். பூச்சிகளிலும் நல்லது உண்டே! வரப்பில் தட்டைப்பயறு போட்டிருந்தார். அதில் அசுவினி வரும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். வந்த பொறிவண்டு கத்திரிக்கும் காவல் நிற்கும். தக்காளியைச் சுற்றித் துலுக்கச் சாமந்தி. காய்ப்புழுவின் தாய் அந்தப் பூவை நாடிப் போய்விடும், தக்காளி தப்பும். நெல் வயலில் அங்கங்கே குச்சி நட்டிருந்தது. இரட்டைவால் குருவி உட்கார்ந்து புழு பிடிக்க ஆசனம்!

தக்காளிப் பாத்தியில் ஒரு நிகழ்ச்சி. குழந்தை கையை நீட்ட, என் பெண் ஒரு பழத்தைப் பறித்து முந்தானையில் துடைத்து அதன் வாயருகே கொண்டு போனாள். அந்த அம்மா சட்டென்று கையைப் பிடித்துவிட்டார்.

"கழுவிட்டுக் கொடு தங்கச்சி! நேத்துதான் சாணிக் கரைசல் விட்டிருக்கேன். மருந்து இல்லைன்னா கிருமியும் இல்லைன்னு யார் சொன்னா?"

இது கடைக்காரர் யாரும் நமக்குச் சொல்லாத விஷயம். இயற்கைக் காயானாலும், வேறு காயானாலும், கழுவாமல் பச்சையாகக் குழந்தைக்குத் தரவே கூடாது.

போர்டைப் பார்த்து ஏமாறாமல்...

"இயற்கை", "நேச்சுரல்", "பண்ணையிலிருந்து நேராக" என்று கடையில் எதை வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். அது சான்று ஆகாது. பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஏற்பட்ட முத்திரை அது. அதன் பின்னால் இரண்டு வகைச் சான்றுகள் உண்டு. ஒன்று, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வந்து சோதித்துத் தருவது. நம் மாநிலத்தில் 2007-லிருந்து அரசே இதற்கென்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. மற்றொன்று 'பி.ஜி.எஸ்.' எனப்படும் குழுச் சான்று. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிப்பது. நெல், காய்கறி போன்ற பயிர்களுக்கு நிறுவனச் சான்று கிடைக்க, மருந்தும் உரமும் நிறுத்தி விதைப்புக்கு முன் இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். மூன்றாம் மாதமே "எங்களுடையது முழு ஆர்கானிக்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்!

நேரடியாக நமக்கு விற்கிற சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. அங்கே நம் கண்ணும் காலும்தான் சான்று. ஒருமுறை போய்ப் பாருங்கள். மாடு இருக்கிறதா? சாணக்குழி இருக்கிறதா? ஒரே பயிராக இல்லாமல் பலதும் கலந்து இருக்கிறதா? எல்லாக் காயும் எல்லா மாதமும் கிடைக்கும் என்று சொல்கிறாரா? அப்படிச் சொன்னால் யோசியுங்கள். இந்த அம்மா எங்களிடம் சொன்னது: "கேரட் கேக்காதீங்க, இந்த மண்ணுல வராது. பங்குனிக்கு மேல கீரையும் வெள்ளரியும்தான்." அவருடைய கத்திரிக்காய் வருஷம் முழுக்கக் கிலோ 60 ரூபாய். சந்தையில் 20-க்குப் போனாலும், 100-க்குப் போனாலும் அதே விலை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அப்படியொன்றும் கொள்ளை இல்லை.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு

இயற்கைக் காயில் சத்து இரட்டிப்பு என்று நினைக்க வேண்டாம். சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதுதான் லாபம். ஆகவே வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள், தயவு செய்து காயை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்கு மேல் தாய்ப்பாலோடு சாதம், பருப்பு, காய், கீரை, பழம் எல்லாம் கலந்து போக வேண்டும். மருந்துக்குப் பயந்து காயைத் தராமலிருந்தால் குழந்தைக்கு அதைவிடப் பெரிய நஷ்டம்.

சாதாரணக் கடைக் காயானால் இப்படிச் செய்யலாம்:

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு காயையும் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பாத்திரத்தில் போட்டு ஒரு முக்கு முக்கி எடுப்பது போதாது. சோப்பு வேண்டாம்.

முட்டைக்கோஸின் மேல் இலைகள் இரண்டு மூன்றைக் கழித்துவிடுங்கள். காலிஃப்ளவரைப் பூப்பூவாகப் பிரித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சற்று வைத்துப் புழுவைப் போக்கி, மறுபடி கழுவுங்கள். கீரையை மூன்று தண்ணீர் அலசுங்கள்.

பீர்க்கு, சுரை, காரட் ஆகியவற்றைத் தோல் சீவிச் சமைக்கலாம். ஊடுருவும் வகை மருந்துகள் கழுவினால் முழுக்கப் போகாது. ஆனாலும் கழுவுவது, சீவுவது, வேகவைப்பது மூன்றும் சேர்ந்தால் எச்சம் கணிசமாகக் குறைகிறது.

ஒரே காயைத் தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சத்துக்கும் நல்லது, ஒரே வகை மருந்து தினமும் உள்ளே போவதும் தவிரும். அந்தந்தப் பருவத்துக் காய் மேல். பருவம் தப்பிய காய்க்குத்தான் மருந்துச் செலவு அதிகம்.

கீரை மட்டும் உங்கள் வீட்டிலேயே வளரட்டும். பால்கனியில் இரண்டு தொட்டி போதும். அரைக்கீரை போட்டால் ஒரு மாதத்துக்குள் கிள்ள ஆரம்பிக்கலாம். கறிகாய்த் தோலையும் காய்ந்த இலையையும் ஒரு மண்பானையில் மாற்றி மாற்றி அடுக்கி வந்தால் உரம் ஆயிற்று. பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலை வேளையில் தெளியுங்கள். பறிக்கும்போது நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

என் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டாள். அரிசியும் கீரையும் இந்தப் பண்ணையிலிருந்து, மற்றதெல்லாம் பக்கத்துக் கடையில் என்று தீர்மானித்தாள். மாடி வீட்டுப் பெண்களில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பதினைந்து நாளைக்கு ஒருமுறை மொத்தமாக வரவழைக்கிறாள். வண்டிச் செலவு பங்காகிவிடுகிறது. குழந்தை இப்போது பரங்கிக்காயை முகமெல்லாம் அப்பிக்கொண்டு சாப்பிடுகிறது!

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் சுற்றியிருந்த மனைக்கற்களைக் காட்டி, "உங்களையும் கேட்டிருப்பாங்களே?" என்றேன்.

"வருஷா வருஷம் கேக்கறாங்கம்மா. போன மாசம் வந்தவன் சொன்ன தொகையைக் கேட்டு இவரே ரெண்டு நாள் தூங்கலை. இந்த வருஷம் இல்லைன்னு சொல்லிட்டோம். பையன் படிப்பு முடியணும், பொண்ணு கல்யாணம் இருக்கு. அடுத்த வருஷம் என்ன சொல்லுவோம்னு எனக்கே தெரியலை. பத்துப் பதினைஞ்சு வீடு நிரந்தரமா வாங்கிக்கினு இருந்தா தைரியமா இருக்கும்."

எத்தனை பெரிய விஷயம், எத்தனை சின்னக் கணக்கு பாருங்கள்! பதினைந்து அடுக்களைகள் சேர்ந்தால் மூன்று ஏக்கர் பிழைக்கும். இப்போது ஐந்து சேர்ந்திருக்கிறோம்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் இப்படி ஒரு நிலம் இருக்கும். உழவர் சந்தையில் கீரை விற்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தாலே வழி தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய் வாருங்கள். கைக்குழந்தைக்குத் தொப்பியும், குடிக்க வீட்டுத் தண்ணீரும் மறக்க வேண்டாம். போய்வந்து எனக்கு எழுதுங்கள்.